பதினோராம் நம்பர் பொட்டலம்

பள்ளிக்கூடம் முழுக்க அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிடும். தலைமையாசிரியர் அவளைவிட எட்டு வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். வேதியியல் செய்முறைத் தேர்வில் மாணவர்கள் இன்னதென்று கண்டுபிடிக்க வேண்டிய உப்புகளைப் பொட்டலம் கட்ட அவளை விட்டால் ஆளில்லை என்பார்கள். அதைக் கேட்டாலே அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

முதலில் எல்லாக் காகிதத்திலும் நம்பர் எழுதிவிட்டு, பிறகு வரிசையாக உப்பைப் போடுவது அவள் வழக்கம். இருபது வருஷத்துக்கு முன் நடுவில் யாரோ சாவி கேட்டுக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள், பதினொன்றில் கால்சியம் கார்பனேட்டுக்குப் பதில் பேரியம் கார்பனேட்டைப் போட்டுவிட்டாள். இரண்டும் வெள்ளைவெளேர் பொடி, யார் கண்டார்கள்.

மறுநாள் தேர்வில் அந்த உப்பு மூன்றாவது மேஜை மாணவிக்குப் போயிற்று. கம்பியில் தொட்டு பர்னரில் காட்டினாள்.

"பச்சையா எரியுது சார்."

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தன் பட்டியலைப் பார்த்தார். அதில் பதினொன்று கால்சியம், தீயில் செங்கல் சிவப்பாக எரிய வேண்டும்; பச்சை பேரியத்தின் நிறம்.

"கண்ணைத் திறந்து பாரும்மா."

மூன்று தரம் காட்டினாள், மூன்று தரமும் பச்சை. தேர்வாளர், அந்த மகராசன், நாற்காலியை விட்டு அசையவில்லை. மாணவி லேப் அக்காவைப் பார்த்தாள். லேப் அக்காவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் வேலை நிரந்தரமாகும் உத்தரவு அந்த வாரம்தான் வரவேண்டும். வாயைத் திறக்கவில்லை. மாணவி எழுதியதை அடித்துவிட்டுச் செங்கல் சிவப்பு என்று எழுதினாள். முழு மார்க்.

அன்றிலிருந்து யார் பர்னர் பற்றவைத்தாலும் லேப் அக்கா கண்ணுக்கு அந்த மேஜையில் அந்த மாணவி நிற்கிறாள். ஆளில்லாத ஆய்வகத்தைப் பூட்டும்போது லேப் அக்கா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. பயம்தான், வேறென்ன.

போன வாரம் அந்த மாணவி நிஜமாகவே வந்து நின்றாள், மகளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க. விண்ணப்பத்தில் பாடப்பிரிவை நிரப்பவில்லை.

"எந்தப் பிரிவுன்னு நீங்களே சொல்லுங்கக்கா. நானா பார்த்து முடிவு பண்ணினா தப்பாத்தான் போகும். அந்தப் பரீட்சையிலயே தெரிஞ்சதே."

லேப் அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நீ பார்த்தது பச்சைதான்மா. பொட்டலத்தை மாத்திப் போட்டது நான். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அன்னிக்கு அந்தப் பச்சையை வேற யாராவது பார்த்தாங்களாக்கா?"

"இல்லம்மா. நாம ரெண்டு பேர்தான்."

"அப்ப உறுதியாச் சொல்ல முடியாதேக்கா" என்றாள். பிறகு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, எந்தப் பிரிவு நல்லது என்று கேட்க அடுத்த அறை கிளார்க்கிடம் போனாள்.