கொழும்புக் காலண்டர்

எங்கள் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்த வருடங்களில், பாறசாலைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. கொழும்பில் கடை வேலை பார்த்த மாமா கொடுத்தனுப்பியது. நீலக் கடல், அதன்மேல் சாய்ந்த தென்னைகள். வருடம் முடிந்தும் அம்மா அதைக் கழற்ற விடவில்லை. வீட்டைச் சுற்றிலும் தென்னையாக நிற்க, சர்ச் முடிந்து வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தென்னையைக் காட்டுவாள். எனக்கு எரிச்சலாக வரும். அப்பா ஊர்வலத்துக்குப் போன நாட்களில் அதன் முன்னாலேயே நிற்பாள்.

“அங்க இந்தப் போலீசும் அடியும் ஒண்ணும் இல்ல மக்கா” என்பாள்.

மாமா விடுமுறைக்கு வந்தபோது காலண்டரைப் பார்த்துச் சிரித்தார். “எக்கா, நம்ம பொழியூர் கடப்புறம் போல இருக்குன்னாக்கும் இத வாங்கினேன். அங்க எனக்க கட்டிலுக்க மேலயும் இதுதான் உண்டு.”

மறுநாள் அம்மா எங்களைப் பொழியூருக்கு நடத்தியே கூட்டிப்போனாள். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாங்கள் அதுவரை போனதில்லை. அந்தக் கடற்கரையிலும் போலீஸ்காரர்கள் நின்றார்கள். அம்மா அவர்களுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தாள். சாய்ந்த தென்னைகளை வெகுநேரம் பார்த்தாள்.

“கொழும்பு நல்ல ஊராக்கும் மக்கா” என்றாள்.