ஹிலால் உயர்த்திய வண்டி

கல்ஃபானை அந்த மணல்காட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அபூ ஹிலால் என்பார்கள், ஹிலாலின் தகப்பன். மகன் இறந்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆரம்பத்தில் சிலர் 'அபூ' என்று தொடங்கி, எச்சிலை விழுங்கிக்கொண்டு, மிச்சத்தைச் சொன்னார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து, சொல்லு என்றார்.

பிதியா என்ற ஊரில் தார் ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்திலிருந்து வெகுதூரம் உள்ளே போனால் அவருடைய பேரீச்ச ஓலைக் கொட்டகை. கொஞ்சம் ஒட்டகங்கள், கொஞ்சம் ஆடுகள். தண்ணீர் லாரி ஓட்டிப் பிழைத்த காலமும் உண்டு. கதவே இல்லாத பழைய பிக்கப்பில் வண்டி பழகியவர். எந்த மணல்மேட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்குவார். அவருக்குப் பயம் தார் ரோட்டைக் கண்டால்தான். மணலுக்குக் கோபம் வந்தால் வண்டியைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொள்ளும், தார் ரோட்டுக்கு நிறுத்தத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருப்பார். சொன்னது அப்படியே பலித்தது. மணலில் எத்தனையோ முறை உருண்டு எழுந்த ஹிலால், பொழுது சாயும் நேரத்தில் சின்னக் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். நேரான நல்ல ரோட்டில் குறுக்கே ஒரு ஒட்டகம் வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களோடு அந்த ஒட்டகத்துக்குச் சொந்தக்காரரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கல்ஃபான் எழுந்து போய்த் தன் கையாலேயே அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அந்த வழக்கு அந்தக் கோப்பையோடு முடிந்தது.

முடியாதது வேறொன்று இருந்தது. மனைவி ஷம்ஸாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். அழைத்துப்போன கார் ஹிலாலோடு போயிற்று. அக்கம்பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் முறை வைத்து வந்து கூட்டிப்போனார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும், வாழ்நாளெல்லாம் அடுத்தவனைத் தன் வண்டியில் ஏற்றிப்போன மனிதர், அடுத்தவன் வண்டி கிளப்பும் புழுதி தெரிகிறதா என்று வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கஃப் மரத்தடியில் ஹிலாலின் பிக்கப் நின்றது. கட்டையாக இருந்த பழைய வண்டியை அவன் ஒரு கோடைகாலம் முழுக்க அந்த மரத்தடியில் படுத்துக்கிடந்து உயர்த்தியிருந்தான். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி, அடிச்சட்டத்தில் இரும்புக் கைகளை வெல்டிங் வைத்து, அகலமான டயர் போட்டு, நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி ஆக்கிவிட்டான். குளிர்காலப் பந்தயங்களில் பெரிய மேட்டின் உச்சிவரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறிய வண்டி. பதிவு எப்போதோ காலாவதியாகிவிட்டது. பந்தய வண்டிக்கு எதற்குப் பதிவு என்று அவன் புதுப்பிக்கவில்லை. ரோட்டில் ஏறினால் போலீஸ் பிடித்துக்கொள்ளும்.

கல்ஃபானுக்கு ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. மகன் செய்து வைத்தது செய்து வைத்தபடியே இருக்கவேண்டும், அதிலேயே மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும்.

வண்டியை இழுவை லாரியில் ஏற்றிப் பரிசோதனை மையத்துக்குக் கொண்டுபோனார். பரிசோதகர் மர்ஹூன் அந்தப் பக்கத்து ஆள்தான், பொறுமைசாலி. வண்டிக்குக் கீழே இருந்த குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே வந்து, வண்டியை உயர்த்துவது ஒன்றும் குற்றமில்லை, அனுமதி பெற்ற பட்டறையில் செய்து அவர்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் பதிவில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார்.

"வெல்டிங்ல ஏதாவது குத்தம் இருக்கா?" என்று கல்ஃபான் கேட்டார்.

"ஒரு குத்தமும் இல்ல, அபூ ஹிலால். அழகா போட்டிருக்கு. ஆனா போட்ட ஆள் வந்து, நான்தான் போட்டேன்னு நிக்கணுமே."

கல்ஃபான் தலையாட்டினார். தெரிந்த பட்டறைகளுக்கெல்லாம் போய்ப் பார்த்தார். இன்னொருவன் கை வைத்த வேலைக்கு நாங்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று எல்லோரும் மரியாதையாகவே சொன்னார்கள்.

அப்போதுதான் அஸ்ஸான் வந்தான். ஹிலாலின் கூட்டாளி, வாய்த்துடுக்கு. அவனிடம் கம்பெனி ஸ்பிரிங்கும் குறுகிய சக்கரங்களும் ஒரு செட் இருந்தன. கல்யாணத்துக்கு இரவல் நகை போகிற மாதிரி அது அந்த வட்டாரம் முழுக்கப் போய்வரும். பரிசோதனைக்கு முன்னால் மாட்டுவார்கள், முத்திரை விழுந்ததும் தார் ரோட்டின் ஓரத்துக் காற்றடிக்கும் கடையிலேயே கழற்றி, பழையபடி உயர்த்திக்கொண்டு மணலுக்குள் இறங்கிவிடுவார்கள். ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடின. எங்க சக்கரத்தைத் தனியா உருட்டிவிட்டாலும் மையத்துக்கு வழி கேக்காம போய்ச் சேர்ந்துடும் பெரியப்பா, என்றான். கல்ஃபான் சரி என்றார். ஒரு காலைப்பொழுதுதானே, சாயங்காலம் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

கழற்றுவது லேசாக இல்லை. ஹிலால் முடுக்கிய போல்ட்டுகள் ஸ்பானருக்கு அசையவில்லை. அஸ்ஸான் நீளமான குழாயைச் செருகித் தொங்கவேண்டியிருந்தது. "செத்தும் விடமாட்டேங்கறான் பாருங்க," என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வெகுநேரம் வெளியே வரவில்லை. ஒவ்வொரு போல்ட்டும் சடக்கென்று விடுபடும்போது கல்ஃபான் ஒட்டகங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் வண்டி உட்கார்ந்தது. கழுத்தொடிந்த பிராணி மாதிரி இருந்தது அவருக்கு. வெல்டிங் வைத்த இரும்புக் கைகளின்மேல் அஸ்ஸான் சேற்றை அப்பி மறைத்தான்.

மர்ஹூன் மறுபடியும் குழிக்குள் இறங்கினார். டார்ச் வெளிச்சம் சேறு அப்பிய இடத்தில் வந்து நின்றது, அசையவில்லை. கல்ஃபான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மர்ஹூன் ஏறி வந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, அவரைக் கொஞ்சம் தள்ளி நிழலுக்குக் கூட்டிப்போனார்.

"இங்க வர்ற பசங்க என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியும். பாத்தும் பாக்காத மாதிரி விட்டுடுவேன். மணல்லதானே ஓட்டறாங்க. அன்னிக்கு ரோட்டுல ஹிலாலை வெளிய எடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். உங்க வாசலுக்கு இன்னொரு சேதியோட யாரும் வரக்கூடாது. உயரமான வண்டி தார் ரோட்டுல ஒரு திருப்பத்துல கவுந்துடும். முத்திரையை நான் போட்டுடறேன். இதை மறுபடி உயர்த்தமாட்டேன்னு எனக்கு உங்க முகத்தைக் குடுங்க."

முகத்தைக் கொடு, மானத்தை ஈடு வை என்று கேட்டுவிட்டால் அங்கே அதற்குமேல் காகிதமும் இல்லை, சாட்சியும் இல்லை. கல்ஃபானின் தகப்பன் பகையாளியின் ஒட்டகத்தை அப்படிச் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார். கல்ஃபானும் ஆயுள் முழுக்கக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தே பழகியவர். யோசனை வருவதற்கு முன்னாலேயே கை தாடியைத் தொட்டது. "என் முகத்தின் மேல," என்று வாய் சொல்லிவிட்டது.

சொல்லி முடித்த பிறகுதான் எதைக் கொடுத்தோம் என்று விளங்கிற்று. மர்ஹூன் முத்திரையோடு வரும்வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

காற்றடிக்கும் கடையில் அஸ்ஸான் தார்ப்பாய் விரித்து, ஹிலாலின் பட்டைகளை எண்ணெய் போட்டுத் துடைத்து வரிசையாக வைத்திருந்தான். ஜாக்கியும் தயாராக இருந்தது. கல்ஃபான் இறங்கி நடந்ததைச் சொன்னார். அவன் முதலில் சிரித்தான்.

"காக்கிச் சட்டைக்காரன்கிட்ட சொன்னதெல்லாம் ஒரு வாக்கா பெரியப்பா? நாங்க அத்தனை பேரும் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கோம்."

"உங்ககிட்ட கையெழுத்துதான் கேட்டான்."

அஸ்ஸான் அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "முகம் குடுத்தது நீங்கதானே? நான் குடுக்கலையே. நீங்க அந்தப் பக்கம் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. வந்து பாத்தா வண்டி உயரமா நிக்கும். யார் பண்ணினாங்கன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது."

கல்ஃபான் அவன் தோளில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "உன் சக்கரத்தை நான் வச்சுக்கறேன். அவன் பட்டையெல்லாம் நீ எடுத்துட்டுப் போ."

அஸ்ஸான் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் வண்டியில் ஏற்றினான். தூக்கிப் போடவில்லை, இரண்டு கையாலும் தாங்கி வைத்தான்.

மணல் தொடங்கும் இடத்தில் கல்ஃபான், புதையாமலிருக்க டயர்களின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பெரிய மேட்டை நோக்கிப் போனார். வண்டி பாதியில் மூச்சடைத்து நின்று, பின்னாலேயே வழுக்கி இறங்கியது. இன்னொரு முறை முயலவில்லை. பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு, வெயில் தணிந்த பிறகு வீடு வந்து சேர்ந்தார். அந்த வழியில் அவர் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி முறை. விடிந்ததும் ஷம்ஸா பையோடு வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஹிலால் இருந்தபோது, மணலுக்குள் ஆடு பார்க்க அவளை இந்த வண்டியில் கூட்டிப்போகும் நாளெல்லாம், அவன் மணலில் ஒரு காலை மண்டியிட்டு உட்கார்ந்து தொடையைக் காட்டுவான். அதில் மிதித்துத்தான் அவள் ஏறுவாள். எங்க அம்மாவுக்குப் படி நான்தான், வேற படி வைக்கமாட்டேன் என்பான். இப்போதும் அவள் பழக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு காலை அந்த உயரத்துக்குத் தூக்கினாள். கால் காற்றில் துழாவிற்று. வண்டியின் தளம் அதற்குக் கீழேயே இருந்தது. அப்படியே நின்றாள்.

"எறக்கிட்டீங்களா?"

"எறக்கிட்டேன்."

அவள் தூக்கிய காலைத் தாழ்த்தி, யாருடைய உதவியும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். கதவைத் தானே சாத்திக்கொண்டாள். முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டாள். கல்ஃபான் வண்டியைக் கிளப்பினார். தார் ரோட்டில் ஏறியபோது அவள், மெதுவா போங்க, என்று மட்டும் சொன்னாள். அவர் ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார்.