படத்தின் ஓரத்தில் நின்ற செல்லையா சித்தப்பா

ஒரு தகப்பனை அவர் மகளின் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எறிந்தவன் நான். பகை ஏதுமில்லை. என் கேமராவுக்குப் பொருந்தாத ஒரு லென்ஸ்... அதை மறைக்க நினைத்த என் வெட்டி வீறாப்பு!

இராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆசை ஆசையாய், அகலமாகப் படம் பிடிக்கிற பெரிய ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்று வாங்கினேன். அதற்கேற்ற லென்ஸ் வாங்கக் கை எட்டவில்லை. பழைய சின்ன கேமராவின் லென்சையே மாட்டிக்கொண்டேன். அதை மாட்டினால் கேமரா தானாகவே படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும். அந்த வசதியை அணைத்தால் சுற்றிலும் கறுப்பு வளையம் விழும். தெரியாமலா செய்தேன்? நன்றாகத் தெரியும்! தெரிந்தும், "ஃபுல் ஃபிரேமாக்கும்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாரீஸ்வரியின் கல்யாணம். சேத்தூரில் எங்கள் தெருப் பெண். மாப்பிள்ளை அவளாகத் தேடிக்கொண்டவன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அவள் அப்பா செல்லையா சித்தப்பா, மண்டபத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தாலி ஏறும்போதுகூட அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாவி மகள்!

மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மேடையேறினார்கள். பெருங்கூட்டம். எனக்குப் பின்னால் சுவர், ஓரடி நகர வழியில்லை. எல்லாரும் படத்துக்குள் அடங்க வேண்டுமே என்று அந்த வசதியை அணைத்தேன். கறுப்பு வளையம் விழுந்தது. ஓரத்தில்தான் யாருமில்லையே, பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அப்போது பக்கப் படியில் ஏறி வந்து, பின்வரிசையின் கடைக்கோடியில் நின்றார்... செல்லையா சித்தப்பா! அவரை யாரென்றே அறியாத பையன்களுக்குப் பக்கத்தில், விறைப்பாக. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் பந்தியில் இருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினேன். மறுகணமே அவர் இறங்கிவிட்டார்.

போகிற போக்கில் என் தோளைத் தொட்டார்.

"ஏலே, நான் வந்தத இப்பம் அவகிட்ட சொல்லிராத. மேடையிலயே அழுதுருவா. பொறவு ஆல்பத்துல பாத்துக்கிடட்டும்."

கடைக்கு வந்து கணினியில் பார்த்தேன். அவர் முகத்தில் பாதி கறுப்புக்குள் போயிருந்தது. எவ்வளவு வெளிச்சம் ஏற்றியும் தேறவில்லை. அப்படியே கொடுத்திருக்கலாமே? பாதியானாலும் அது அப்பாவின் முகம் அல்லவா! ஆனால் ஆல்பத்தைப் பார்க்கிற நாலு பேர், இதுதான் உன் ஃபுல் ஃபிரேமா என்று சிரிப்பார்களே... வெட்டினேன். மூலப் படத்தையும் அழித்தேன். வாயாலாவது சொன்னேனா? சொன்னால் படம் எங்கே என்பாளே என்று அதையும் விழுங்கினேன்.

சில மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஆல்பத்த பாத்துட்டாளா?"

"பாத்துட்டா சித்தப்பா."

"ஒண்ணும் சொல்லலையாலே?"

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா நான்? இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி. அவ கோவம் அவளுக்கு," என்று சொல்லிவிட்டுச் சேத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

மகள் வருவாள் என்று அவர் காத்திருந்தார். அப்பா கூப்பிடுவார் என்று அவள் காத்திருந்தாள். நடுவில் நான் ஒருவன், இரண்டு பக்கமும் தெரிந்தவன், வாயை மூடிக்கொண்டு கல்யாண ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்கள், இதற்கு என்ன பெயர்?

ஒருநாள் சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

கருமாதிக்கு முன்பு மாரீஸ்வரி கடைக்கு வந்தாள், அவருடைய பழைய ராணுவப் படம் ஒன்றோடு. பெரிதாக்கி மாலை போட வேண்டுமாம். சட்டம் போட்டுக் கையில் கொடுத்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடைசி வரைக்கும் எங்கப்பாவுக்கு எம்மேல மனசு எறங்கவே இல்லல்லண்ணே?"

உதடு வரை வந்தது... ஐயோ, வந்தது! இப்போது சொன்னால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்தேனா, நான் என்ன ஆவேன் என்று நினைத்தேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டு போனாள்.