தெரியாமல் செய்தேன் என்று எழுதினேன்

சென்னையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வீட்டைப் பூட்டி வைத்திருப்பார்கள். மரக்கதவு அகலத் திறந்திருக்கும். அதற்கு முன்னால் இரும்புக் கம்பிக் கதவு ஒன்று பூட்டியிருக்கும். உள்ளே டிவி ஓடுவது தெரியும், குக்கர் விசில் கேட்கும், வீட்டுக்காரர் சோபாவில் இருந்தபடியே நம்மைப் பார்ப்பார். நாம் யார், எதற்கு வந்தோம், யார் அனுப்பினார்கள் என்பதையெல்லாம் கம்பிக்கு வெளியே நின்றே சொல்லி முடிக்க வேண்டும். மன்னாரில் எங்கள் வீட்டுக்குப் பல வருடம் கதவே இருக்கவில்லை. ஒரு தகரத்தைச் சாத்தி வைத்திருந்தோம். வந்த ஆளை வெளியில் நிறுத்தி விசாரித்த நினைவு எனக்கு இல்லை. இப்படி எழுதும்போதே கை கூசுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் இங்கே வந்தது கத்தோலிக்க இறையியலில் முதுகலை படிக்க. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு நிலையத்தில் விவிலியமும் மறைக்கல்வியும் சொல்லித் தருகிறார்கள். வகுப்பில் பெரும்பாலும் குருமாணவர்கள், கன்னியர். என் பேச்சைக் கேட்ட ஆட்டோக்காரர்கள் எல்லாரும் "கேரளாவா?" என்பார்கள். இறையியல் படிக்கிறேன் என்று கேட்ட கத்தோலிக்கர்கள் எல்லாரும் "நீங்க எந்த சபை சிஸ்டர்?" என்பார்கள். நான் சிஸ்டர் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை, முப்பத்தாறு வயது, பள்ளிக்கூட ஆசிரியை என்றால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். "அப்புறம் எதுக்கும்மா இதைப் படிக்கிறீங்க?" என்று ஒருவர் பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்டார். சாமியாராகப் போகாதவளுக்கு வேதம் எதற்கு என்பதுதான் கேள்வி. எங்கள் ஊரிலும் இதே கேள்வியைக் கேட்டார்கள், கொஞ்சம் மரியாதை குறைவாக.

எதற்கென்றால், ஊரில் மறையாசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்தில் குருவோ கன்னியரோ அல்லாத பொதுநிலையாள் ஒருவரை விரிவுரையாளராக எடுப்பது என்று முடிவு செய்து என்னை அனுப்பியிருந்தார்கள். நான் பட்டத்தோடு திரும்பினால் அந்த இடம் எனக்கு. திரும்பாவிட்டால் வழக்கம்போல ஒரு குருவானவர் வந்து உட்காருவார். பிறகு நம் பெண்களில் இன்னொருத்தியை அனுப்ப இன்னொரு தலைமுறை ஆகும். பட்டத்துக்குக் கடைசித் தடை களப்பணி. ஒரு கோயிலைச் சேர்ந்த பங்கில் இரண்டு அன்பியங்களுக்கு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் விவிலியப் பகிர்வு நடத்தி, அறிக்கை எழுதி, வழிகாட்டிப் பாதரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அன்பியம் என்பது இங்கே பங்கு மக்களைத் தெருத் தெருவாகப் பிரித்து வைத்திருக்கும் சிறு குழு. வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பார்கள். என் விசா ஜூனில் முடிகிறது. களப்பணியில் தவறினால் மறுபடி ஒரு தவக்காலத்துக்கு நான் இங்கே இருக்க முடியாது.

எனக்குக் கிடைத்த முதல் அன்பியம் மந்தைவெளியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுற்றியது. அதன் தலைவி ரோஸ்லின் ஆன்ட்டி, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷி. முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஜனங்க எவ்ளோ கஷ்டப்பட்டாங்க" என்று கண் கலங்கினார். இரண்டாவது அன்பியம் அங்கிருந்து இருபது நிமிட நடையில், கடற்கரைக் குப்பத்தில். அங்கே தலைவி கிரேசி அக்கா. காலையில் மீன் விற்பார், மாலையில் குளித்துப் பூ வைத்துக்கொண்டு செபமாலையோடு உட்காருவார். அவர் என் கஷ்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உங்கூர்ல சூரை மீன் இன்னா வெல?" என்றுதான் கேட்டார். இரண்டு குழுவுக்கும் ஒரே கோயில், ஒரே பங்குத் தந்தை. ஆனால் மாடி வீட்டுக்காரர்கள் எட்டு மணிப் பூசைக்கும் குப்பத்தார் ஆறு மணிப் பூசைக்கும் வருவதை நான் நேர வசதி என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள விரும்பினேன் என்பதுதான் சரி.

நான்காவது வாரம் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் ஒரு தாள் குறைகிறது என்று இரண்டு நாள் இழுத்தடித்தார்கள். ஒரு மாலைதான் மிச்சம். இரண்டு கூட்டம் பாக்கி. எங்கள் ஊர்ப் பழக்கப்படி யோசித்தேன். போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் பாதர் மாதம் ஒருமுறைதான் வருவார். எந்தக் கிராமத்து ஆட்கள், எந்தப் பங்கு என்று யாரும் கேட்டதில்லை. கூரையாகக் கட்டிய ஒரு தறப்பாளின் கீழ் எல்லாரும் முட்டி இடித்துக்கொண்டு இருந்து செபிப்போம். மறைக்கல்வி சொல்லிக் கொடுக்க நான் பழகியதும் அந்தத் தறப்பாளின் கீழ்தான். இரண்டு குழுவையும் சேர்த்துவிட்டால் என்ன? ரோஸ்லின் ஆன்ட்டியின் ஹால் பெரியது. அவரிடம் போனில், "ஆன்ட்டி, இன்றைக்குக் கொஞ்சம் கூடப் பேர் வருவினம்" என்று மட்டும் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கிரேசி அக்கா தயங்கினார்.

"அந்த பில்டிங்குக்கா? அவங்க இன்னா நெனைப்பாங்களோ."

"செபம்தானே அக்கா. என்ன நினைக்கப் போகினம்? ஆறரைக்கு வாங்கோ."

பதினொரு பேர் வந்தார்கள். பெண்கள் பெட்டியில் இருந்து எடுத்த சேலை கட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் ஒவ்வொருவரையும் நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுத வைத்தார். எழுதத் தெரியாத மூன்று பேருக்கு நான் எழுதினேன். மூன்றாம் மாடியில் ரோஸ்லின் ஆன்ட்டி கம்பிக் கதவுக்குப் பின்னால் இருந்து எங்களைப் பார்த்தார். சிரித்தார். கதவைத் திறந்து என்னை மட்டும் சமையலறைக்குக் கூட்டிப் போனார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா மெற்றில்டா. மத்தவங்க ஃபீல் பண்ணுவாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அதற்குள் அவருடைய போன் அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சை. ஒரு வீட்டில் திடீர்த் தலைவலி. ஏற்கனவே ஹாலில் இருந்த இரண்டு பேர் தங்கள் செருப்பைத் தேடினார்கள். பிறகு ஆன்ட்டிக்கு ஒரு வழி தோன்றியது. "கீழ பார்க்கிங்ல போட்டுக்கலாம். அங்க நல்லா காத்து வரும்."

பிளாஸ்டிக் நாற்காலிகளை லிப்டில் இறக்கினோம். ஒரு வெள்ளைக் காருக்கும் துணி போர்த்திய இன்னொரு காருக்கும் நடுவில் மாதா படத்தை ஒரு ஸ்டூலில் வைத்தோம். அன்றைய விவிலியப் பகுதி விருந்தைப் பற்றியதாக இருந்தால் கதைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அது காய்க்காத அத்திமரத்துக்கு எருப் போடுவதைப் பற்றியது. நான் என்ன விளக்கம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ரோஸ்லின் ஆன்ட்டி கடைசி வரை இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். சுண்டலைக் காகிதக் கப்பில் போட்டுத் தன் கையாலேயே எல்லாருக்கும் கொடுத்தார். மேலே அவர் வீட்டு மேசையில் பீங்கான் கிண்ணங்கள் அடுக்கி இருந்ததை நான் பார்த்திருந்தேன். மாடியில் இருந்து இறங்கி வந்த ஒருவர் தன் வண்டியை எடுக்க வேண்டும் என்றார். செபத்தின் நடுவில் ஆறு பேர் எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் கிரேசி அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மாடி வீட்டுக்காரர்களைப் பற்றி அவர் கோபமாக ஏதாவது சொல்வார், நானும் சேர்ந்து சொல்லலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்பட்டது என்னிடம்.

"அவங்க அப்பிடித்தான்னு எங்களுக்குத் தெரியும். அதான் நாங்க போறதில்ல. நீ இன்னாத்துக்கு எங்கள இட்டாந்த? நாங்க கேட்டமா?"

"அக்கா, எல்லாரும் ஒன்றாக இருக்க வேணும் என்றுதான்..."

"உனுக்கு மார்க்கு வோணும். அதுக்கு எங்கள வண்டி நிறுத்துற எடத்துல குந்த வெச்சிட்ட." சொல்லிவிட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு நடந்தார். பொய்யாக ஒன்றும் அவர் சொல்லவில்லையே.

அடுத்த வாரம் வழிகாட்டிப் பாதர் என்னைக் கூப்பிட்டார். பங்கில் இருந்து புகார் போயிருந்தது. மெல்லப் பேசுகிற மனிதர். வகுப்பில் திருச்சபை ஒரே உடல் என்பதைப் பற்றி அவர் நடத்திய பாடம்போல நான் எங்கும் கேட்டதில்லை. "மெற்றில்டா, தியரியில நீங்க சொல்றது சரி. ஆனா மேய்ப்புப் பணின்னா சூழல் புரியணும்" என்றார். பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தை என் பக்கம் தள்ளினார். "நீங்க வெளிநாட்டுக்காரங்க. இங்க இருக்கிற நிலவரம் உங்களுக்குத் தெரியாது. அதை அப்படியே எழுதிடுங்க. தெரியாம செஞ்சதுன்னா யாருக்கும் வருத்தம் இல்ல. நானும் கையெழுத்துப் போட்டுடுவேன்." இரண்டு வருடமாக இந்த ஊர் என்னை வெளிநாட்டுக்காரி என்று சொன்னபோதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இப்போது அதையே ஒரு சலுகையாக நீட்டினார்கள்.

அன்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னதும் அம்மா முதலில் கேட்டது, "அவை எந்தப் பகுதி ஆக்கள்?" எங்கள் ஊரில் சாதியை இப்படித்தான் கேட்பார்கள்.

சொன்னேன்.

"பிறகேன் பிள்ளை அவையை அந்த மாடி வீட்டுக்குக் கொண்டு போனனீ? உனக்குத் தெரியாதே?"

தெரியும். அதுதான் விஷயம். முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய வருடம் எங்கள் கோயிலுக்குக் கூரை இல்லை, பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இல்லை. ஆனால் திருநாளில் புனிதரின் சிலை வைத்த சுருவக் கூட்டை யார் தோளில் தூக்குவது என்ற பட்டியல் மட்டும் பழையபடி திரும்பி வந்துவிட்டது. கோயில் தெருவுக்குப் பின்னால் இருந்த பகுதிப் பொடியன்கள் இருவர் தோள் கொடுக்க வந்தபோது, வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். நான் பெண்கள் வரிசையில் மெழுகுதிரியோடு நின்றேன். பார்த்தேன். பாட்டை நிறுத்தாமல் பாடினேன். தறப்பாளின் கீழ் எங்களை ஒன்றாக இருக்க வைத்தது வேதமில்லை, தலைக்கு மேல் வந்து விழுந்த ஷெல்தான். அது நின்றதும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டோம். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குக் கோபம் வரலாம். இந்தியாக்காரனைப் பற்றி எழுதப் போனவள் நம்மைப் பற்றி ஏன் எழுதுகிறாள் என்று கேட்கலாம். சென்னைக்காரர்களைக் குறை சொல்லி நாலு பக்கம் எழுதுவது எனக்குச் சுலபம். புலம்பெயர்ந்த நாம் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், போன ஊரைத் திட்டி, விட்டு வந்த ஊரைக் கழுவி வைக்கிறோம்.

எழுதினேன். "உள்ளூர்ச் சமூகச் சூழலை அறியாத அயல்நாட்டு மாணவி என்பதால் இந்தத் தவறு நேர்ந்தது." மேலேயிருந்து கீழேவரை அந்த வரி பொய். எனக்கு இந்தச் சூழல் அம்மாவின் பாலோடு தெரியும். இங்கே யாருக்கும் என்னை யாரென்று தெரியாது என்ற தைரியத்தில்தான், ஊரில் ஒருநாளும் செய்யத் துணியாததை இங்கே செய்தேன். வேறு ஆட்களின் மானத்தை வைத்துச் செய்து பார்த்தேன். அதை எழுதியிருந்தால் பட்டம் கிடைத்திருக்காது. ஊரில் அந்த நாற்காலியும் கிடைத்திருக்காது. பாதர் கையெழுத்துப் போட்டு, "நல்லா வந்திருக்கு" என்றார். களப்பணியில் எனக்கு முதல் வகுப்பு.

குருத்து ஞாயிறன்று பவனிக்கு எல்லா அன்பியங்களும் பெயர்ப் பலகைக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். நான் ஓலையோடு ஓரமாக நின்றேன். விசில் வைத்திருந்த தொண்டர் ஒருவர் வந்து, "நீங்க எந்த அன்பியம்மா?" என்றார். இரண்டிலும் இருந்தேன் என்று சொல்ல வந்து, "நான் சிலோன்" என்றேன். "அதுக்குத் தனி போர்டு இல்லம்மா. ஏதாச்சும் ஒண்ணுல சேந்துக்கோங்க" என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பின்னால் இருந்து ரோஸ்லின் ஆன்ட்டி, "இங்க வாங்க மெற்றில்டா, நம்ம பக்கம்" என்று கையசைத்தார். முன்னால் குப்பத்தார் பலகை. கிரேசி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தன் பேத்தியை இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொண்டார். ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு அங்கே இடம் வந்தது. எனக்காக விட்டாரா, என்னிடமிருந்து பிள்ளையை விலக்கினாரா என்று தெரியவில்லை. போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அந்த வரியை எழுதின கையோடு எப்படிப் போய் நிற்பது? பாட்டு தொடங்கியது, இரண்டு பலகைகளும் நகர்ந்தன. நான் நடுவில் தனியாக நடந்தேன். கோயில் வாசல் வரைக்கும் அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை.