லூர்தம்மாள் டீச்சர் வேலிக்குள் வந்த கதை

லூர்தம்மாள் டீச்சர் சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே பிள்ளையால்தான் எங்கள் பள்ளிக்கூடம் நின்றுபோனது. கேட்காத நாங்கள் அத்தனை பேரும் தப்பித்துக்கொண்டோம். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டீச்சர் சிரம்பானில் ரயில்வே வேலைக்காரர் வீட்டில் பிறந்தவர். கன்னியாஸ்திரீகளிடம் படித்து, வெள்ளைக்காரர்கள் மலாயாவில் போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்தபோது பகாவ் சாலையோரத்துத் தகரக் கூரைக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை அது கோயில். மற்ற நாளில் பீடத்துக்குத் திரை போட்டுவிட்டுப் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டால் பள்ளிக்கூடம். கோயிலுக்குப் பின்னாலிருந்த அறைதான் அவர் வீடு. எங்களில் பாதிப் பேர் மாரியம்மன் திருநீறோடு போய் ஜெபம் சொல்லுவோம். டீச்சர் திருநீற்றை அழிக்கச் சொன்னதே இல்லை. காதில் அழுக்கு இருந்தால்தான் தொலைந்தோம்.

எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி அப்போது முள்கம்பி வேலி. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, வேலிக்கு வெளியே கையில் சாப்பாட்டுப் பொருள் வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. பால்வெட்டுக்குப் போகிறவர்களும் வெறுங்கையோடுதான் போனார்கள். வேலிக்கு வெளியே இருந்த பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் காலையில் வயிற்றில் எதையாவது போட்டுக்கொண்டு போவோம், மத்தியானம் பசியோடு திரும்புவோம். கேட்டில் போலீஸ்காரர்கள் பைகளைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.

ஜூன் மாதம் அந்தோணியார் திருநாள் வந்தது. அன்றைக்குச் சாமியார் மந்திரித்த ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாரும் ஒரு துண்டாவது பிட்டுச் சாப்பிட வேண்டும். டீச்சர் சின்ன வயதிலிருந்து அப்படியே செய்து பழகியவர். ஆளுக்கொரு ரொட்டி கொடுத்து, "வீட்ல எல்லாருக்கும் பிட்டுக் குடுத்துட்டுத்தான் நீங்க சாப்பிடணும்" என்றார். வேலியும் கேட்டும் சட்டமும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமே வரவில்லை. திருநாளன்று ரொட்டி வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

நாங்கள் முதல் வளைவு தாண்டுவதற்குள் தின்று தீர்த்துவிட்டோம். மயிலம்மாள் மட்டும் தின்னவில்லை. சன்னாசி, பஞ்சாலை தம்பதிக்கு ஒரே பெண். தலையை ஆட்டினால் ஆட்டினபடி நடக்கிற பிள்ளை. அவள் ரொட்டியைத் துணியில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்திருந்தாள். கேட்டில் அது வெளியே விழுந்தது.

பிள்ளையை வைத்துக் காட்டுக்கு ரொட்டி கடத்துகிறான் என்று சொல்லி, சன்னாசியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சேதி கேட்டதும் டீச்சர் குடையைக்கூட எடுக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினார். ரொட்டியைக் கொடுத்தது நான்தான், என்னைப் பிடியுங்கள் என்று வெள்ளைக்கார ஆபீசரிடம் இங்கிலீஷில் வாதாடினார். அவரை யாரும் பிடிக்கவில்லை. சாமியாரும் வந்து எழுதிக் கொடுத்த பிறகு, இரண்டு ராத்திரி கழித்துச் சன்னாசியை விட்டார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

மறுநாளே தோட்டத்துத் துரை உத்தரவு போட்டுவிட்டார். இனிமேல் பிள்ளைகள் கேட்டைத் தாண்டக் கூடாது. பள்ளிக்கூடம் அதோடு சரி. எங்களுக்குக் கொண்டாட்டம். பெரியவர்களும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கோயில் ரொட்டியைக் கொடுத்துக் குடும்பத்தையே மாட்டிவிட்டாள் என்று குழாயடியில் டீச்சரைக் கரித்துக்கொட்டினார்கள்.

டீச்சர் துரையைப் பார்க்க வந்தார். ஒரு நாள் அல்ல, பல நாள். பிள்ளைகள் வெளியே வரக் கூடாது என்றால் நான் உள்ளே வருகிறேன் என்று கேட்டார். கடைசியில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த ஸ்டோரைத் துரை கொடுத்தார். ஆனால் தினமும் வெளியே போய்வர முடியாது, வேலிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்றார். டீச்சருக்கு அது லேசான காரியம் இல்லை. கோயிலை ஒட்டியே வாழ்ந்தவர். இனி ஞாயிறு பூசைக்குப் போகவும் பாஸ் வாங்க வேண்டும். பாஸ் கிடைக்காத வாரம் பூசை இல்லை. இருந்தும் ஒரு தகரப் பெட்டியோடு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஸ்டோரைக் கூட்டிப் பெருக்கி, பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வாசலில் நின்றார். ஒரு பிள்ளையும் போகவில்லை. செவ்வாயும் அப்படியே. எங்கள் அம்மாக்கள் போக விடவில்லை, நாங்களும் போகத் துடிக்கவில்லை. அந்த வாரத்துக்குள் பிள்ளைகள் வராவிட்டால் ஸ்டோரைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பால்வெட்டு முடிந்ததும் பஞ்சாலை வெட்டுத் துணியோடு, பால் நாற்றத்தோடு மயிலம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் சண்டை பார்க்கப் பின்னாலேயே ஓடினோம். டீச்சர் கைகூப்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஞ்சாலை விடவில்லை.

"எம் புருஷன அடிச்சத நான் சாவுற மட்டும் மறக்கமாட்டேன் டீச்சர். ஒங்கள மன்னிக்கவும் மாட்டேன். அதுக்காக எம் புள்ள என்னய மாதிரி கைநாட்டு வைக்கணுமா?"

பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, டீச்சர் முகத்தைப் பார்க்காமலே லயத்துக்குத் திரும்பி நடந்தாள்.