முதிரைக் கதவில் நாலு கோடுகள்

கிளிநொச்சியில் வாடகைக்கு விடும் எங்கள் பழைய வீட்டைத் திருத்தும்போது பெயின்ற் அடிப்பவரிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: முன்கதவைச் சுரண்டக் கூடாது. மேலே இன்னொரு தரம் மண்ணிறம் அடித்தால் போதும்.

அந்தக் கதவு எங்களுடையதல்ல. போரில் இடம்பெயர்ந்தபோது எல்லோரையும் போல நாங்களும் கதவு, யன்னல், கூரைத்தகரம் எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். ஊர் ஊராக இழுத்துத் திரிந்து, கடைசியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது சுவர் மட்டும் நின்றது. விசுவமடுவில் வீதியோரம் குவிந்துகிடந்த கதவுகளில் ஒன்றை நானும் கணவரும் தூக்கி வந்தோம்.

"ஆரும் கேட்டு வந்தால் குடுப்பம்" என்றார் அவர். ஒருவரும் வரவில்லை. பிறகு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கதவின் உட்புறத்தில் கத்தியால் கீறிய நாலு கோடுகள் இருந்தன. யாரோ பெற்றவர்கள் பிள்ளைகளின் உயரத்தை அளந்து வைத்தவை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, மரத்தூளையும் பசையையும் குழைத்துக் கோடுகளை அடைத்து, மேலே பெயின்ற் பூசியது நான்தான். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. யாராவது கதவை இரண்டாம் தரம் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவேன். விசுவமடு ஆட்களுக்கு வீடு கொடுப்பதில்லை என்று ஒரு விரதமே வைத்திருந்தேன்.

உள்சுவருக்கு வெள்ளையா, சந்தன நிறமா என்று கடையில் ஒரு மணித்தியாலம் மண்டையை உடைத்துவிட்டுப் பின்னேரம் வந்தால், கதவு பொன்னிறமாக மின்னிக்கொண்டு நிற்கிறது. நாலு கோடுகளும் நேற்றுக் கீறியவை போலத் தெரிந்தன.

பெயின்ற் அடிப்பவர் மலையகத்திலிருந்து வந்து கனகராயன்குளத்தில் குடியேறிய குடும்பத்து மனிதர். சிரித்தபடி சொன்னார்: "நல்ல முதிரை மரங்கம்மா. இதப் போயி பெயின்ட்டால மூடலாமா? கோட்டுல அடைச்சிருந்த தூளயும் சேர்த்துச் சுரண்டி வார்னிஷ் அடிச்சிட்டேன்."

"உம்மை ஆர் கேட்டது?" என்று கத்தினேன். பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. உடனே மண்ணிறம் பூசச் சொல்லி, பெயின்ற் பேணியை நானே திறக்கப் போனேன். அதற்குள் வாசல் படலை திறந்தது. வீடு கேட்டிருந்த இளம் ஆசிரியை, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள்.

"எந்த இடம் பிள்ளை?"

"விசுவமடு, அன்ரி."

மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரையையோ புதுப் பெயின்ற் அடித்த வெளிச்சுவரையோ அவள் பார்க்கவில்லை. நேரே கதவின் முன்னால் குந்திக் கோடுகளைத் தடவினாள்.

"எங்கட வீட்டுக் கதவிலயும் அப்பா இப்பிடிக் கீறி வைச்சவர். ரெண்டு கோடு, எனக்கும் தம்பிக்கும். அந்தக் கதவு இப்ப ஆற்ற வீட்டில நிக்குதோ தெரியாது." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இது உங்கட பிள்ளையளோ?"

"ஓம்" என்றேன். பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாலு பேரும் இப்ப எங்க இருக்கினம்?"

"தெரியாது பிள்ளை."

அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு தாய் அப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: போரில் காணாமல் போன பிள்ளைகள். அவள் எழும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். கதவை மட்டும்தான் எடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். கையை இழுக்கவும் துணிவு வரவில்லை, உண்மையைச் சொல்லவும் துணிவு வரவில்லை.

அடுத்த கிழமையே குடிவந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறவள். போன வெள்ளி பூத்தட்டோடு, பக்கத்து வளவில் நான் இருக்கும் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அர்ச்சனை செய்யப் போறன் அன்ரி. உங்கட நாலு பிள்ளையளின்ர பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ."

தலையிடி என்று கதவைச் சாத்திவிட்டேன். நாளைக்குத் திரும்பவும் வெள்ளிக்கிழமை.