செரி டிண்டிங்கில் நின்ற ஆள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தினேஸ்வரி வேலை முடிந்து வரும்போது நான்கு தபால்தலைகள் ஒட்டிய ஓர் அட்டையைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"ம்மா, கண்ணாடி போட்டுப் பாருங்க. மூணாவது படம். அப்பா வேலை செஞ்ச ஃபெரிதானே?"

காளியம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளை உடம்பு, பச்சைக் கூரை, இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. செரி டிண்டிங்தான். பழைய பயணிகள் படகுகளுக்காக வெளியிட்ட வரிசையில் அதையும் சேர்த்திருந்தார்கள். காளியம்மாவின் விரல் நேராகப் படகின் முன்பக்கம் போய் நின்றது. அங்கே யாரும் இல்லை.

"உங்க அப்பா எங்க?" என்றார்.

அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்று தினேஸ்வரிக்குத் தெரியும். பூஜை அலமாரியில், சாமி படங்களுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. 1988ஆம் ஆண்டு மாசி மகத்தன்று பங்கோர் தீவுக்குக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போன செரி டிண்டிங்கின் படம் அது. முன்பக்கத்தில் ஓர் ஆள் கயிற்றை வீசிக்கொண்டு நிற்பார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பியிருக்கும். அதுதான் மாயாண்டி. கல்யாணப் படத்தைத் தோட்டத்து லயத்து வீட்டில் கரையான் தின்றுவிட்டதால், அந்தத் துண்டுக்குத்தான் ஒவ்வொரு திவசத்துக்கும் காளியம்மா குங்குமம் வைப்பார். தபால்தலைப் படமும் அதே படம்தான். அதே சாய்வு, அதே அலை, கூரையில் அதே கொடி. ஆள் மட்டும் இல்லை.

செரி டிண்டிங் மலேசியாவின் பங்கோர் தீவிலேயே கட்டப்பட்ட மரப் படகு. கரையிலிருக்கும் லுமுட்டுக்கும் தீவுக்கும் நடுவே முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஓடியது. பள்ளிக்கூட வாத்தியார்கள், ஐஸ் கட்டி, கோழிக் கூடை, பிரசவத்துக்குப் போகும் பெண்கள், மாசி மகத்துக்குக் காளியம்மன் கோயிலுக்குப் போகும் தோட்டத்துச் சனம் என்று எல்லாரையும் எல்லாவற்றையும் ஏற்றிப்போனது. குளிர்சாதன வசதியுள்ள வேகப் படகுகள் வந்த பிறகு அதை ஓரங்கட்டினார்கள். சில காலம் சேற்றில் சாய்ந்து கிடந்தது. பலகைகளை யார் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள்.

மாயாண்டி அதில் வேலைக்குச் சேர்ந்தது 1981இல். சித்தியவானுக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பால் வெட்டியவர்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லாமல் போயிற்று. மரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத மாயாண்டி, ஃபெரியில் கயிறு வீசும் வேலைக்குப் போனார். படகு ஜெட்டியை, அதாவது படகுத்துறையை, நெருங்கும்போது ஒருவர் முன்பக்கம் நின்று கயிற்றை வீச வேண்டும், இன்னொருவர் ஜெட்டியில் நின்று அதைப் பிடித்துத் தூணில் கட்ட வேண்டும். அவரோடு ஜோடி சேர்ந்தவர் பங்கோர்க்காரர் ரம்லி. தீபாவளிக்கு மாயாண்டியின் முறையை ரம்லி பார்ப்பார். நோன்புப் பெருநாளுக்கு ரம்லியின் முறையை மாயாண்டி பார்ப்பார்.

1991ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், காற்று பலமாக இருந்தது. வீசிய கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்தது. மாயாண்டி ஜெட்டிக்குத் தாவினார். அந்த நேரம் பார்த்து அலை படகைத் திருப்பித் தள்ளியது. ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவில் அவர் சிக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது முப்பத்தாறு.

சாவு வீட்டுக்கு ரம்லி வந்தார். வாசலோடு நின்றுவிட்டார். காளியம்மா அவரை ஒருமுறை பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று படகில் நின்றிருக்க வேண்டியவர் அவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு சில ஆண்டுகள் தீபாவளிக்கு முன்னால் யார் கையிலாவது ரம்லி நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புவார். காளியம்மா பொட்டலத்தைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். பிறகு மகளை அழைத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி, அந்த ஊரின் லகாட் பகுதியில் இந்த அடுக்குமாடி வீட்டையும் பிடித்தார்.

"அவங்களுக்கு எழுதிக் கேளு. எதுக்கு ஆள எடுத்துட்டாங்க?" என்றார் மகளிடம்.

தினேஸ்வரி தேடிப் பிடித்து, தபால்தலையை வரைந்தவருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவ்வளவு சிறிய படத்தில் மனிதரை வரைந்தால் கறை மாதிரித் தெரியும், அதனால் விட்டுவிட்டேன், வருத்தமாக இருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் படம் எடுத்தவரிடமிருந்து வாங்கிய மூலப்படத்தைப் பெரிதாக அச்சடித்து அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார்.

உறை வந்த அன்று காளியம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படம் நல்ல தெளிவு. கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தது. முகமும் தெரிந்தது. சுருட்டை முடி, மேலுதட்டுக்கு மேலே ஒரு மச்சம்.

"இது அவர் இல்ல," என்றார் காளியம்மா. "இது ரம்லி."

தினேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்கதானே ம்மா அப்பான்னு சொன்னீங்க?"

"அவர்தான் சொன்னாரு. பேப்பரக் கொண்டாந்து, இந்தா பாரு நான்தான்னு கையில குடுத்தாரு."

அன்றைக்கும் மறுநாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பூஜை அலமாரியைத் திறந்து பத்திரிகைத் துண்டை எடுத்தார். முப்பது வருடக் குங்குமம் உறைமேல் படிந்து தடித்திருந்தது. அத்தனையும் யாருக்கு வைத்தது என்று நினைத்தபோது அவருக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பொய் சொன்ன கணவன்மேல் ஒரு கோபம். செத்தும் போகாமல், படத்திலும் வந்து நின்றவன்மேல் இன்னொரு கோபம். மூன்றாம் நாள் காலையில், "பங்கோருக்குப் போலாம்," என்றார்.

தினேஸ்வரி லுமுட் வரைக்கும் காரோட்டினாள். ரம்லியின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. பங்கோர் ஜெட்டியில் கேட்டதும் வழி காட்டினார்கள். வாதம் வந்து அவருக்கு இடது கை விழுந்திருந்தது. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், வந்தவர் யார் என்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"உட்காருங்க, பாங்," என்று காளியம்மா மலாயில், அண்ணனைக் கூப்பிடுவதுபோலச் சொன்னார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவரோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இது நீங்க."

"நான்தான், காக்." அவரும் அக்கா என்றே அழைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் இது அவர்தான்னு சொன்னார்."

ரம்லியின் வாய் ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அன்னிக்கு அவன் ஜெட்டியில நின்னான், கயிறு பிடிக்க. படம் எடுத்தவர் அவனை எடுக்கல. பேப்பர் வந்ததும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டான். தமிழ்ப் பேப்பர், தமிழங்க பாக்குற பேப்பர், அதுல உன் படமான்னு கேட்டான். மூஞ்சிதான் தெரியலையே, வீட்டுல நீதான்னு சொல்லிடு, யாரு வந்து பாக்கப் போறான்னு சொன்னேன். அக்கரை போய்ச் சேர்ற வரைக்கும் சிரிச்சான்."

காளியம்மா சிரிக்கவில்லை. பிறகு, தன்னை அறியாமல், கொஞ்சம் சிரித்தார். அந்த மனுஷன் அப்படித்தான்.

ரம்லியின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். படத்தைப் பார்த்துவிட்டு, அந்த வயதில் இவருக்கு வேறு படமே கிடையாது என்றார்.

"ஏன் அப்புறம் வீட்டுப் பக்கமே வரல?" என்று காளியம்மா கேட்டார்.

ரம்லி படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "அது என் முறை, காக். எந்த முகத்தோட வருவேன்?"

மன்னித்தேன் என்று சொல்லக் காளியம்மாவுக்கு வாய் வரவில்லை. அது உண்மையா என்பதும் அவருக்கே தெரியவில்லை. "தீபாவளிக்கு அவர் முறைய நீங்க பாத்தீங்க. ஒம்பது வருஷம் பாத்தீங்க," என்று மட்டும் சொன்னார். படத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார். ரம்லி வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார்.

அடுத்த ஆண்டு ரம்லி இறந்துபோனார். அவர் மனைவி தினேஸ்வரிக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

அந்தப் பத்திரிகைத் துண்டு இப்போது அலமாரியில் இல்லை. இந்த வருடத் திவசத்துக்குக் காளியம்மா வெறும் விளக்கை மட்டும் ஏற்றிக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்து வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"மூஞ்சி வர மாட்டேங்குது லா," என்றார் மகளிடம். "கண்ண மூடுனா அந்த மச்சம்தான் வருது. அவரு சிரிக்கிறது மட்டும் கேக்குது."

தினேஸ்வரிக்கு அப்பா போகும்போது ஒன்பது வயது. அவளுக்கு அந்தச் சிரிப்பும் நினைவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா எப்படிச் சிரிப்பார் என்று கேட்டாள். காளியம்மா வாயைத் திறந்தார், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டார், மறுபடியும் யோசிக்க ஆரம்பித்தார்.